மு.ப. பட்டன், பி.ப. ரிப்

குளிர்காலத்துக்கு எந்த டயர் நல்லது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். வேறு எது வேண்டுமானாலும் கேளுங்கள், தெரிந்தால் சொல்கிறேன்.

சென்ற மாதம் என் மருமகன் போன் செய்தார். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. மலையிலும் காட்டிலும் ஓட்டுவதற்கென்றே செய்த உயரமான பைக் ஒன்று வாங்கியிருக்கிறார். அட்வெஞ்சர் பைக் என்று பெயராம். டிசம்பரில் சிநேகிதர்களோடு மலைப்பக்கம் போகப்போகிறார். "மாமா, எழுபதுக்கு முப்பது டயர் போடவா, அம்பதுக்கு அம்பது போடவா? நீங்கதான் சர்வீஸ் பூரா டயரோடயே கெடந்தவரு" என்றார். எழுபது பங்கு தார் ரோட்டுக்கு, முப்பது பங்கு மண்ணுக்கு என்று அர்த்தமாம். "ரெண்டு நாள் டயம் குடுங்க மாப்ள" என்று சொல்லி வைத்தேன். ஐந்து வாரம் ஆகிவிட்டது. "ஒரு டயர் பேரு சொல்றதுக்கு உங்கப்பாவுக்கு இவ்வளவு ராங்கியா?" என்று மாப்பிள்ளை கேட்டதாக மகள் கோபித்துக்கொள்கிறாள். ராங்கி எல்லாம் இல்லை அம்மா, பயம். அது ஏன் என்று இதில் எழுதுகிறேன். நம் ஓய்வுபெற்றோர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பருக்கும் இதுவே பதிலாக இருக்கட்டும்.

நான் தொழில் படித்ததைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் கொல்லையில் களை எடுத்தவர்கள். நான் மட்டும் திருச்சியில், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ஒரு ரீட்ரெட் பட்டறையில் மூன்று வருஷம் ரப்பர் வாசனையில் கிடந்துவிட்டு, எழுபதுகளின் நடுவில் பெரம்பலூருக்கு வந்தேன். கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடும் ஓர் அலுவலகத்தில் வண்டி ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தினக்கூலி. நிரந்தரம் செய்கிறோம், செய்கிறோம் என்று ஆறு வருஷம் ஓட்டினார்கள். வருஷத்துக்கு ஒருமுறை என் பெயர் எழுதிய ஃபைல் மேலே போகும், அப்படியே கீழே வரும். அந்த ஃபைலுக்குக் கால் முளைத்திருந்தால்கூட அவ்வளவு நடந்திருக்காது.

ஷெட்டில் மூன்று மோட்டார் சைக்கிள்கள். மூன்றும் மிலிட்டரி ஏலத்தில் வந்தவை. முன்னும் பின்னும் ஒரே அளவுச் சக்கரம், எந்த டயரையும் எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம். வசதி என்றுதான் அப்போது நினைத்தேன்.

டயர் இரண்டு வகை. ஒன்று ரிப். சுற்றிலும் கோடுகோடாக வரி ஓடும். பிடித்த கோட்டை விடாமல் நேராகப் போகும், அதனால் முன் சக்கரத்துக்கு ஏற்றது. இன்னொன்று பட்டன். சதுரம் சதுரமாகக் கட்டிகள் நிற்கும், சேற்றில் கடித்து ஏறும். பின் சக்கரம்தானே வண்டியைத் தள்ளுகிறது, அதனால் பட்டன் பின்னால். முன்னால் ரிப், பின்னால் பட்டன். இது எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம்.

ஆனால் எங்கள் பக்கத்து மண்ணுக்குப் பாடமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. அரும்பாவூர் பக்கம் போனால் செம்மண்ணும் சரளையும். குன்னம் தாண்டி அரியலூர் பக்கம் இறங்கினால் கரிசல். மழையில் நனைந்த கரிசல் பட்டனுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். நூறு கெஜம் போவதற்குள் டயர் மழமழவென்று உருண்டையாகிவிடும். மட்கார்டுக்குள் மண் இறுகி, சக்கரமே நின்றுவிடும். ஒரு மூங்கில் சிம்பை வண்டியில் கட்டி வைத்திருப்போம், இறங்கி நோண்டிவிட்டு ஏற வேண்டும். நான் மட்கார்டை இரண்டு விரல் உயர்த்தி மாட்டினேன். காற்றைக் குறைத்து வைத்தேன். காற்று குறைந்தால் டயர் நசுங்கி நசுங்கி விரியும், ஒட்டிய மண் கொஞ்சம் உதிரும். மாசி மாதத்தில் அதே கரிசல் காய்ந்து கல்லாகிவிடும். அப்போது பட்டன் டயர் தேய்ந்து நாசமாகும், வண்டி உதறும். சரி, அப்படியானால் ரிப் போடு என்றால் அரும்பாவூர்ச் சரளையில் அது வழுக்கும். ஒரே வண்டி ஒரே நாளில் இரண்டு மண்ணிலும் போகும். என்னதான் செய்வது? எந்த டயர் போட்டாலும் பாதி நாள் தப்புதான்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு கட்டியே தீருவது என்று இறங்கியவர் எங்கள் மேலதிகாரி அறிவழகன் சார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். கோபத்தில் குரலை உயர்த்த மாட்டார், தணிப்பார். எவ்வளவு தணிகிறதோ அவ்வளவு கோபம். கோப்பெல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்த காலம் அது. மற்ற அதிகாரிகள் முனகிக்கொண்டு எழுதினார்கள், சார் மட்டும் மாப்பிள்ளை விருந்துக்குப் போகிறவர்போல உற்சாகமாக எழுதினார். ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளம், அவருக்கு நேரமோ குறைவு. எல்லாவற்றையும் சுருக்கிவிடுவார். பழைய காலண்டர்த் தாளை நாலாகக் கிழித்து, பின்பக்கத்தில் முத்து முத்தாக இரண்டே எழுத்து எழுதி, புள்ளி வைத்து அனுப்புவார். காற்று அழுத்தம் என்றால் கா.அ. வண்டி எண் என்றால் வ.எ. யாராவது "இது என்னாங்க சார்?" என்று திரும்பக் கேட்டால், குரலைத் தணித்து, "தமிழ்லதானே எழுதியிருக்கேன்?" என்பார். அதற்குமேல் யாருக்கு வாய் வரும்?

ஒருமுறை ஒரு குமாஸ்தாவுக்கு 'கிளை அலுவலகம், உ.வி.' என்று சீட்டு வந்தது. உடன் விளக்கம் கேட்கவும் என்று பொருள். அவரோ உடல்நலம் விசாரிக்கவும் என்று புரிந்துகொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அரியலூர் பஸ் ஏறிப் போய், கிளை அலுவலகத்தில் ஒவ்வொருவரையும் நலம் விசாரித்துவிட்டு வந்தார். நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம். எனக்கும் ஒரு நாள் வரும் என்று நினைக்கவில்லை.

மார்கழி பிறந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். மாடுகளுக்குக் கோமாரி பரவத் தொடங்கியிருந்தது. சார் மூன்று நாள் கூட்டத்துக்காகத் திருச்சி போய்விட்டார். போகும்போது எனக்கு ஒரு சீட்டு கொடுத்தனுப்பியிருந்தார். ஷெட்டில் புதிதாக இரண்டு பட்டன், இரண்டு ரிப் வந்திருந்தன. சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:

'வ.எ. 3. மு.ப. பட்டன். பி.ப. ரிப். கா.அ. குறை. இன்றே.'

வண்டி எண் மூன்று புரிந்தது. காற்று அழுத்தம் குறைக்க வேண்டும், புரிந்தது. மு.ப. என்றால்? முன்பக்கம் பட்டன், பின்பக்கம் ரிப் என்றுதான் முதலில் படித்தேன். படித்ததும் திக்கென்றது. தலைகீழாக அல்லவா இருக்கிறது? பின்னால் ரிப் போட்டால் சேற்றில் வண்டி வாலை ஆட்டிக் கவிழ்த்துவிடுமே! சார் டயரை ஆராய்ச்சி செய்கிறார் என்று தெரியும். புத்தகமெல்லாம் வரவழைத்துப் படித்தார். ஒருவேளை கரிசலுக்கு இது புது முறையோ? சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் நின்றேன்.

பிறகு ஆபீசுக்குள் போய்த் தலைமைக் குமாஸ்தா தனலட்சுமி அம்மாவிடம், சீட்டைக் காட்டாமல், பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"அம்மா, மு.ப.ன்னா என்னாங்க?"

"முற்பகல். பி.ப.ன்னா பிற்பகல். ஆறு வருசமா ஆபீசுல இருக்க, இதுகூடத் தெரியலயா? நல்லா நெரந்தரம் பண்ணுவாங்க போ!" என்று சிரித்தார்.

காலையில் பட்டன், மத்தியானம் ரிப்பா? தினமும் கழற்றி மாட்டுவதா? தலை சுற்றியது. ஆனால் டயரைவிட அவர் சொன்ன கடைசி வார்த்தைதான் எனக்குள் தைத்தது. ஏனென்றால் அந்த வாரம் என் ஃபைல் சாரின் மேஜையில் இருந்தது. அவர் பரிந்துரை எழுதினால் நான் நிரந்தரம். மேஜைக்குப் பக்கத்திலேயே டெலிபோன் இருந்தது. திருச்சிக்கு டிரங்க் கால் போட்டு, "சார், மு.ப.ன்னா என்னாங்க?" என்று கேட்டிருக்கலாம். சீட்டுப் படிக்கத் தெரியாதவனை எவன் நிரந்தரம் செய்வான் என்று பயந்துபோனேன். கேட்கவில்லை.

லீவர் போட்டுப் பழைய டயர்களைக் கழற்றினேன். ட்யூபுக்குப் பவுடர் தடவினேன். விளிம்புக்குச் சோப்புத் தண்ணீர் விட்டு, முன்னால் பட்டன், பின்னால் ரிப் மாட்டினேன். கேஜ் வைத்துக் காற்றைக் குறைத்தேன். வேலை சுத்தமாகத்தான் செய்தேன். தப்பான வேலையை அவ்வளவு சுத்தமாக நான் அதற்குப் பிறகு செய்ததில்லை.

அந்த வண்டியை ஓட்டுகிறவர் யூசுப் பாய், லப்பைக்குடிக்காட்டுக்காரர். தடுப்பூசி ஆய்வாளர். அண்ணன்மார் இருவர் வளைகுடாவில். இவருக்கும் விசா வந்துவிட்டது, தை முடிந்ததும் கிளம்ப வேண்டியவர். வண்டியைப் பார்த்ததும் அவரும் நின்றுவிட்டார்.

"என்னாய்யா செல்வராசு, செருப்ப மாத்திப் போட்ட மாதிரி இருக்கு?"

"சார் எழுதிக் குடுத்துருக்காரு பாய்" என்று சீட்டைக் காட்டினேன்.

படித்துப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார். "சார் எழுதுனா சரியாத்தான் இருக்கும். போயிட்டு வரேன், எனக்காகத் துஆ செஞ்சுக்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் அரும்பாவூர்ப் பக்கம் சுற்றினார். ஒன்றும் ஆகவில்லை. 'பார்த்தாயா, சார் சார்தான்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் விடிகாலையில் நல்ல மழை. அன்று அவருக்குக் குன்னம் பக்கம் வேலை. பத்து மணிக்கு ஒருவர் சைக்கிளில் வந்து செய்தி சொன்னார். கொத்தமல்லிக் கொல்லை ஓரத்து வண்டிப்பாதையில் வண்டி சாய்ந்துவிட்டது. பாயின் கணுக்கால் வண்டிக்கு அடியில் மாட்டி நொறுங்கிவிட்டது. தடுப்பூசி மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில்தான் கொண்டுபோவார்கள். தூக்க வந்தவர்களிடம், "எம்மேல கைய வைக்காதீங்க, மொதல்ல பிளாஸ்க்க நிமித்துங்கய்யா! மருந்து சூடாவுது!" என்று கத்தினாராம்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டேன். ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது என்றார். அடுத்த நாள் அவருடைய அம்மாவிடம், கண்ணு பட்டுவிட்டது, விசா வந்ததை ஊரெல்லாம் சொன்னீர்களே என்று சத்தம் போட்டார். பிறகு விசாரணையில், வெறும் சேறுதான் சார் என்றார். இதில் எது உண்மை? ஆட்டுக்குட்டி வந்ததா? பட்டன் பின்னால் இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டாரா? கரிசல் அடைத்த பட்டனும் வழுக்கத்தான் செய்யும். எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்ததெல்லாம், அந்தக் கால் ஆறு மாதம் மாவுக்கட்டுப் போட்டு இருந்ததும் விசா காலாவதி ஆனதும்தான்.

சார் திருச்சியிலிருந்து வந்ததும் நேரே ஷெட்டுக்கு வந்தார். விழுந்த வண்டியைப் பார்த்தார். பிறகு ஸ்டாண்டில் மிச்சமிருந்த ஒரு பட்டனையும் ஒரு ரிப்பையும் பார்த்தார். மீதமிருந்த பட்டன் டயர்மேல் கையை வைத்து, எனக்குக் கேட்டும் கேட்காமலும், "முன்பனி" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். போய்விட்டார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. முன்பனிக்காலம் மார்கழியும் தையும், இரண்டு சக்கரத்துக்கும் பட்டன். பின்பனிக்காலம் மாசியும் பங்குனியும், இரண்டுக்கும் ரிப். அதற்காகத்தான் இரண்டு இரண்டாக வரவழைத்திருக்கிறார்! பள்ளிக்கூடத்தில் ஆறு பருவம் நானும் படித்தவன்தான். டயர் சீட்டில் அது வரும் என்று எவன் கண்டான்?

விசாரணைக்குத் திருச்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பருமனானவர், கோட்டு போட்டவர். சீட்டை மேஜைமேல் வைத்து, முதலில் என்னைக் கேட்டார்.

"இத எப்படிப் படிச்ச?"

"முன்பக்கம், பின்பக்கம்னுதான் சார்."

"தலகீழா இருக்கேன்னு சந்தேகம் வரலயா ஒனக்கு?"

சந்தேகப்பட்டேன் என்றால், ஏன் கேட்கவில்லை என்பார். அத்தோடு என் ஃபைல் முடிந்தது. அறிவழகன் சார் எதிரிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இல்லைங்க சார். எந்தச் சந்தேகமும் வரல."

அதிகாரி சாரின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. மு.ப.ன்னு என்ன அர்த்தத்துல எழுதுனீங்க?"

சார் சீட்டை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குரல் தணிந்திருந்தது.

"முன்பக்கம்" என்றார்.

"முன்னால பட்டன் போடச் சொன்ன ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்று அதிகாரி எழுதிக்கொண்டார். சாருக்கு ஓர் இன்கிரிமெண்ட் நிறுத்தி, ராமநாதபுரம் பக்கம் மாற்றினார்கள். போவதற்கு முன் என் ஃபைலில் பரிந்துரை எழுதிவிட்டுத்தான் போனார். சித்திரையில் நான் நிரந்தரம் ஆனேன். அம்மா அந்த உத்தரவைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே கூச்சமாக இருந்தது.

என்னைக் காப்பாற்றப் பொய் சொன்ன தெய்வம் என்றே சாரை நினைத்து, முப்பது வருஷம் வேலை பார்த்தேன். ஒரு கடிதம் போட்டிருப்பேனா? இல்லை. என்னவென்று எழுதுவது என்று தெரியவில்லை, வெட்கம். ஓய்வு பெற்ற பிறகுதான் மனசு பொறுக்காமல் விலாசம் விசாரித்துத் திருச்சிக்குப் போனேன். தளர்ந்திருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அவர் மனைவி காபி கொடுத்தார்.

"எனக்காகப் பொய் சொன்னீங்க சார். அதுக்கு நன்றி சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றேன்.

"என்ன பொய்?"

"நீங்க எழுதுனது முன்பனி. ஷெட்டுல எங்காதால கேட்டேன். விசாரணையில முன்பக்கம்னு சொன்னீங்களே."

அவர் தலையை ஆட்டினார். "அது பொய் இல்லப்பா. என் மனசுல முன்பனிதான். ஆனா மனசுல இருந்தது யாருக்கு வேணும்? டயரக் கரைச்சுக் குடிச்சவன் நீ. ஒனக்கே ஒரு சந்தேகமும் வராம முன்பக்கம்னு தெரிஞ்சுதுன்னா, தாள்ல இருந்தது முன்பக்கம்தானே? எழுதுனவன்தான் தப்பு. யூசுப் கால ஒடச்சது என் பேனா."

உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னார்: "அன்னியிலேர்ந்து இவரு எதையும் சுருக்கி எழுதறதே இல்லங்க. மளிகைச் சீட்டுகூட ரெண்டு பக்கம் வருது."

அந்த அம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி, இந்த மனிதர் முப்பது வருஷம் தண்டனை அனுபவித்திருக்கிறார். இவர் எனக்காகப் பொய்யும் சொல்லவில்லை, தெய்வமும் இல்லை. என் வாயிலிருந்து வந்ததை அப்படியே நம்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

"சந்தேகம் வந்துச்சு சார்" என்றேன். "பாத்தவுடனே வந்துச்சு. இருபது நிமிசம் சீட்ட வச்சுக்கிட்டு நின்னேன். பக்கத்துலயே போன் இருந்துச்சு. கேட்டா நெரந்தரம் ஆவாதுன்னு பயந்துட்டேன். விசாரணையில சொன்னது பொய்."

சார் காபி டம்ளரைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வருசா வருசம் நோன்புப் பெருநாளைக்கு யூசுப் வீட்டுக்குப் போறேன்" என்றார் கடைசியில். குரல் மிகவும் தணிந்துவிட்டது. "ராமநாதபுரத்துல இருந்தப்பவும் போனேன். மன்னிச்சுக்கப்பான்னு சொல்லிட்டு, அவங்க குடுக்கறதச் சாப்ட்டுட்டு வருவேன். அடுத்த பெருநாளைக்கு நீ போ."

போனேன். ஒரே மாவட்டத்தில் இருந்துகொண்டு, பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு, அத்தனை வருஷம் நான் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. யூசுப் பாய் காலைச் சாய்த்துச் சாய்த்து வந்து கையைப் பிடித்து உட்காரவைத்தார். பிரியாணி வந்தது. நான் தட்டைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, இருபது நிமிஷம், டெலிபோன், விசாரணையில் சொன்ன பொய், ஒன்று விடவில்லை. தப்பு முழுக்க என்னுடையது, சாருடையது இல்லை, என்னை மன்னித்துவிடுங்கள் பாய் என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கவலையோடு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் செல்வராசு, இந்த வருசம் மன்னிப்புக் கேக்க ஒன்ன அனுப்பியிருக்காரு? சாருக்கு ஒடம்புக்கு முடியலயா?"